ஆறு வாரத்தை அநாதையாக விடாதீர்கள்

டயாலிசிசுக்காகக் கையில் செய்யும் ஃபிஸ்துலா அறுவை முடிந்த அன்று மாலையே நோயாளி வீட்டுக்கு வந்துவிடுகிறார். மணிக்கட்டில் சிறிய தையல், அதன்மேல் கட்டு, மரத்துப்போன விரல்கள். அறுவை செய்த மருத்துவரின் வேலை முடிந்துவிட்டது. ஊசி போடப்போகும் டயாலிசிஸ் மையத்தின் வேலை இன்னும் தொடங்கவில்லை. நடுவில் ஆறு வாரம் கிடக்கிறது. சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு? ‘ஆறு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொன்னதை, ‘அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் சிறுநீரகம் தளர்ந்துவரும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆறு வாரத்தைச் சும்மா கழிய விடாதீர்கள். கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அவசரம் புரியும். கையில் ஓடும் தமனியைப் பக்கத்திலுள்ள சிரையோடு, அதாவது நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே அதோடு, சேர்த்துத் தைப்பதுதான் ஃபிஸ்துலா. தமனியில் ரத்தம் இதயத்தின் வேகத்தோடு வருகிறது. சிரையோ மெல்லிய சுவர் கொண்டது, மெதுவான ஓட்டத்துக்கே பழகியது. வயல் வாய்க்காலில் ஆற்றைத் திருப்பிவிட்டது போன்ற நிலை அது. வேகமாக ஓடும் ரத்தம் உரச உரச, சிரையின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, சுவர் தடிக்கிறது. டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சாதாரண நரம்பால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் ஆறுகளாலான ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆறு வாரத்தில் 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ஓட்டம். இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. முதல் மாதத்தில் வளராத நரம்பு, பிறகு தானாக வளர்ந்துகொள்ளும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

இந்த வழி வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கைக்கு வெளியே டெஃப்லான் குழாய்களைப் பொருத்தி, மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய வழி திறந்தார். ஆனால் அந்தக் குழாய்களில் கிருமி ஏறியது, ரத்தம் உறைந்தது. 1966-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ, ஏப்பல், ஹர்விச் ஆகிய நால்வரும், நோயாளியின் சொந்த நரம்பையே குழாயாக்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள். சிமினோ மாணவராக இருந்தபோது மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். நல்ல நரம்பு எவ்வளவு அரிது என்று அவர் விரலுக்கே தெரிந்திருந்தது. நரம்பு நன்றாக அமைந்தவருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதுவே முதல் தேர்வாக நிற்கிறது. முதிர்ந்த ஃபிஸ்துலா பல ஆண்டுகள் உழைக்கும், கிருமித் தொற்று குறைவு. கழுத்தில் போடும் குழாயில் அந்த ஆபத்து பல மடங்கு. அந்தக் குழாய் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய நரம்பைச் சுருக்கிவிட்டால், அந்தப் பக்கத்துக் கையில் பிறகு ஃபிஸ்துலா போடுவதும் சிக்கலாகிவிடும்.

ஆனால் போட்ட ஃபிஸ்துலா எல்லாம் முதிர்வதில்லை. அமெரிக்காவில் 877 நோயாளிகளை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 60 விழுக்காட்டினரின் ஃபிஸ்துலா டயாலிசிசுக்குத் தகுதி பெறவில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை தொடக்க அடைப்பைக் குறைத்தது. ஆனால் நரம்பை முதிரவைக்கவில்லை. 2017-இல் முடிவு வெளியான இன்னோர் ஆய்வில் நம் மலேசிய நோயாளிகளும் கலந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், மலேசியா என்று நான்கு நாடுகளின் 35 மையங்களில் 567 பேர். மீன் எண்ணெய் கொடுத்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஃபிஸ்துலா தோல்வி. வெறும் போலி மாத்திரை கொடுத்தவர்களிலும் அதே 47. ஆஸ்பிரினும் பயன் தரவில்லை. ஊசி குத்த இடம் கொடுத்து, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, நம் ஊர்க்காரர்கள் உலகத்துக்குத் தேடித் தந்த உண்மை இது. அதை மதிக்க வேண்டும். ஃபிஸ்துலா சீக்கிரம் முதிரும் என்று யாராவது கேப்ஸ்யூல் டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். அந்தக் காசு ஸ்கேனுக்குப் போகட்டும்.

ஏனென்றால் நேரத்தோடு பார்த்தால் காப்பாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2003-இல் மருத்துவர் பீதார்ட்டும் அவருடைய குழுவினரும் தொடக்கத்திலேயே தோற்றுப்போன ஃபிஸ்துலா உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். சுருங்கிய இடத்தைப் பலூன் வைத்து விரித்தார்கள். ரத்தத்தைத் திருடிக்கொண்டிருந்த கிளை நரம்புகளைக் கட்டினார்கள். 92 பேருக்கு அதே ஃபிஸ்துலாவில் டயாலிசிஸ் தொடங்க முடிந்தது. கைவிடப்பட வேண்டிய நரம்புகள் அவை. யாரோ ஒருவர் கையைப் பிடித்து, ‘இது சரியாக வளரவில்லை, உடனே பார்க்க வேண்டும்’ என்று சொன்னதால் பிழைத்தன.

இனி ஆளுக்கு ஆள் சொல்கிறேன். இன்னும் டயாலிசிசுக்குப் போகாதவர்களிடம் முதலில்.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் அதே இனிப்புநீர்தான். டயாலிசிஸ் செய்துகொள்வோர் எண்ணிக்கை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2018-இல் எடுத்த கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குச் சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். ஆகவே அடுத்த முறை கிளினிக் கெசிஹாத்தானில் ரத்த அறிக்கையைக் கையில் கொடுத்தால், சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்று ஓர் எண் இருக்கும். ‘இது போன தடவை எவ்வளவு, இப்போது எவ்வளவு?’ என்று கேளுங்கள். 30-க்குக் கீழே போய்விட்டதென்றால் இனி உங்கள் கை நரம்புகள் உங்கள் சொத்து. எழுதாத கையில் மணிக்கட்டுக்கு மேலே ரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ விடாதீர்கள். புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அப்படியில்லை. சிலாங்கூரில் டிங்கி எவ்வளவு அடிக்கடி வரும் என்று நமக்குத் தெரியும். காய்ச்சலோடு வார்டில் படுத்தவருக்குப் பெருவிரல் பக்கமாக மணிக்கட்டுக்கு மேலே ஓடும் நரம்பில் டிரிப் ஊசி போடுவார்கள். பயிற்சி மருத்துவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த நரம்புதான். நேராக, தடிமனாக இருக்கும். மணிக்கட்டு ஃபிஸ்துலாவுக்கு வேண்டியதும் அதே நரம்புதான். நான்கு நாள் டிரிப்பில் அது வெந்து, கயிறாக இறுகிவிட்டால், இரண்டு வருடம் கழித்து அறுவை மருத்துவர் ஸ்கேன் வைத்துத் தேடும்போது ஒன்றும் இருக்காது. ‘டாக்டர், எனக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது, இந்தக் கையில் வேண்டாம்’ என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. சொல்ல உங்களுக்குத் தெம்பில்லாத நேரத்தில் பிள்ளைகள் சொல்ல வேண்டும். கையில் பேனாவால் எழுதியே வையுங்கள்.

அடுத்தது, தள்ளிப்போடுதல். ஃபிஸ்துலாவுக்குச் சம்மதித்தால் டயாலிசிஸ் சீக்கிரம் வந்துவிடும் என்று ஒரு பயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நரம்பைச் சேர்த்துத் தைப்பதால் சிறுநீரகம் கெடுவதில்லை. இஜிஎஃப்ஆர் 20-க்குக் கீழே இறங்கி, இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால், ஃபிஸ்துலா முதிரக் காலம் கொடுத்துப் பல மாதம் முன்னதாகவே போடச் சொல்கிறார்கள். ‘நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன்’, ‘தீபாவளி முடியட்டும்’, ‘மகள் கல்யாணம் ஆகட்டும்’ என்று கழியும் மாதங்களின் முடிவில், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவு, கழுத்தில் குழாய். அமெரிக்காவில்கூட ஐந்தில் நான்கு பேர் இப்படிக் குழாயோடுதான் டயாலிசிஸ் தொடங்குகிறார்கள் என்றால், இது படிப்பறிவு குறைந்தவர்களின் குறை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனிதர் எவரும் கெட்ட செய்தியைத் தள்ளிவைக்கத்தான் பார்ப்பார்கள்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து வீட்டு அண்ணனின் முன்கையில் முண்டு முண்டாகப் புடைத்த நரம்புகளைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணமாகாத மகனுக்கு, மகளுக்கு இப்படி ஆகிவிடுமோ என்று தாய் கலங்குவாள். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை மேலாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் வேறு. அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிக்கும் உறவினர்களே, உங்கள் பார்வையால் ஒருவர் அறுவையைத் தள்ளிப்போட்டால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நிறுத்திக்கொள்ளுங்கள். சொக்சோவில் சந்தா கட்டியவர்களுக்கு டயாலிசிஸ் உதவி இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் வழி இருக்கிறது. தேசியச் சிறுநீரக அறநிறுவனம் போன்ற தொண்டு அமைப்புகளின் மையங்களும் இருக்கின்றன. மறைத்து வைக்கிறவருக்கு இவை எதுவும் கிட்டாது.

அறுவை முடிந்து வந்தவர்களே, இனி இரண்டு வேளை உங்களுக்கு ஒரு கடமை. காலையில் எழுந்ததும், இரவு படுக்கும் முன்னும், மற்ற கையின் விரல்களைத் தையலுக்கு மேலே மெதுவாக வையுங்கள். விர்ர் என்று ஓர் அதிர்வு இருக்கும். காதருகே வைத்தால் இரைச்சல் கேட்கும். அது இருக்கிறதா, நேற்றைப்போல் இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வு போய் வெறும் துடிப்பாக மாறினாலும், கை வீங்கினாலும், விரல்கள் குளிர்ந்து வலித்தாலும், சிவந்து சீழ் கட்டினாலும் அன்றே சொல்ல வேண்டும். தையல் ஆறியதும் மருத்துவர் அனுமதித்தால் ரப்பர் பந்தைப் பிசையுங்கள். அதன் பலன் குறித்த ஆய்வுகள் சிறியவை. பெரிதாக நம்ப வேண்டாம், விடவும் வேண்டாம். சிகரெட்டை விடுங்கள். அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அந்தக் கையில் சுற்ற விடாதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட வருகிறவர்களை அன்போடு தடுத்துவிடுங்கள். வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றினாலும், ரத்த அழுத்தம் தாழ்ந்தாலும் இளம் ஃபிஸ்துலா உறைந்துபோகும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களின் ரத்தக் குழாய்கள் சிறியவை. அவர்களுக்கு ஃபிஸ்துலா முதிர்வது கடினம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு மேல் வீட்டு வேலை. அறுவை முடிந்த கையோடு அரிசி மூட்டையைத் தூக்குவது, ஈரத் துணி முறுக்கிப் பிழிவது, பேரப்பிள்ளையை அந்த முழங்கை மடிப்பில் படுக்கவைத்துத் தூங்கவைப்பது. ‘பரவாயில்லம்மா, நான் செய்யறேன்’ என்று மருமகளோ மகனோ சொல்லாவிட்டால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். கணவர்மாரே, அந்த ஆறு வாரம் துவைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வளையலும் கைக்கடிகாரமும் அந்தக் கைக்கு வேண்டாம். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காப்புக் கட்டும்போது, பெண்களுக்கு இடக்கையில் கட்டுவது வழக்கம். பெரும்பாலும் ஃபிஸ்துலாவும் இடக்கையில்தான் இருக்கும். இறுகக் கட்டிய மஞ்சள் கயிறு பல நாள் அந்த நரம்பின் மேலேயே கிடக்கும். குருக்களிடம் காரணத்தைச் சொல்லி வலக்கையில் கட்டச் சொல்லுங்கள், அல்லது கட்டாமலே கும்பிடுங்கள். பால்குடம் எடுத்துப் பத்துமலைப் படியேறும் வேண்டுதல் இருந்தால், உங்கள் பெயரில் தம்பியோ மகளோ எடுக்கட்டும். முருகன் கணக்குப் பார்க்க மாட்டான்.

இனி டயாலிசிஸ் மையங்களில் வேலை செய்யும் தாதியருக்கு. உங்கள் கையின் மதிப்பு உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். 2002-இல் அமெரிக்காவில் ராபினும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள டயாலிசிஸ் தாதியர் தொட்டுப் பார்த்து ‘இது முதிரும், இது முதிராது’ என்று சொன்னது 80 விழுக்காடு சரியாக இருந்தது. கழுத்துக் குழாயோடு வாரம் மூன்று முறை உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவரின் புதிய ஃபிஸ்துலாவை ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். அது வளரவில்லை என்று தோன்றினால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுதி அனுப்புங்கள். ‘மிஸ்ஸி சொன்னார்’ என்றால் நோயாளி நம்புவார். நீங்கள் வாய் திறந்தால்தான் அவர் மருத்துவமனைக்கு நடப்பார். இடத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவசரப்பட்டு ஊசி போடாதீர்கள். 14 நாளுக்குள் ஊசி போட்ட ஃபிஸ்துலாக்கள் கெடும் வாய்ப்பு இரு மடங்கு என்று பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. முதல் ஊசிகளை மையத்திலேயே கைதேர்ந்தவர் போடட்டும். சிறிய ஊசி, குறைந்த வேகம். குத்தித் தவறி ரத்தம் கசிந்து நீலம் பாய்ந்துவிட்டால், அன்றைக்கு அந்தக் கைக்கு ஓய்வு.

மருத்துவர்களிடம் கேட்பது இது. அறுவைக்கு முன்னால் இரண்டு கைகளின் நரம்புகளையும் ஸ்கேன் செய்து வரைந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே நான்காவது வாரத்துக்கோ ஆறாவது வாரத்துக்கோ ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு ஒரு தேதியை எழுதிக் கொடுங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதினால் அந்தப் பிறகு வராது. அரசு மருத்துவமனைகளில் வரிசை எவ்வளவு நீளம் என்று நாங்கள் அறிவோம். நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆனாலும் வளராத நரம்பு வரிசைக்காகக் காத்திருக்காது. நோயாளியிடம் ஒரு வரி கூடுதலாகச் சொல்லுங்கள், அவர் பேசும் மொழியில். கழுத்துக் குழாய் வலியில்லாமல் ஓடுகிறது என்பதால் சிலர் ஃபிஸ்துலாவை மறந்தே போகிறார்கள். அந்தக் குழாயைக் கழற்றும் தேதியையும் அவரோடு பேசி வையுங்கள்.

கடைசியாக, அதிர்வு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை இன்றே குடும்பமாக உட்கார்ந்து பேசி வையுங்கள். உறைந்த ஃபிஸ்துலாவைத் திறக்க ஓரிரு நாளுக்குள் முயன்றால்தான் பலன் அதிகம். வெள்ளிக்கிழமை இரவு நின்றதைத் திங்கட்கிழமை வரை வைத்திருந்தால், அடுத்தது மீண்டும் கழுத்துக் குழாயும், இன்னும் மேலே வேறொரு நரம்பும்தான். நரம்புகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பிள்ளைகள் வேலைக்குப் போய் அலுத்து வந்திருக்கிறார்களே, எழுப்புவானேன் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். அப்பா, அம்மா, எழுப்புங்கள். பிள்ளைகளே, ‘எந்த நேரமானாலும் எழுப்புங்கள்’ என்று அவர்களிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

டயாலிசிஸ் மையத்தின் எண்ணும், அறுவை செய்த மருத்துவமனையின் எண்ணும் ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும். முதலில் அவற்றை அழைத்து எங்கே வரச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அருகிலிருக்கும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஷா ஆலத்தில் செக்‌ஷன் 7-இல் இருக்கிறது, கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா இருக்கிறது. முகப்பில் ‘கை வலிக்கிறது’ என்று சொல்லாதீர்கள், வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். ‘டயாலிசிஸ் ஃபிஸ்துலா, அதிர்வு நின்றுவிட்டது, இத்தனை மணிக்குக் கடைசியாகத் தொட்டுப் பார்த்தோம்’ என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் அறுவைச் சீட்டையும் கொண்டுபோங்கள். ரத்தம் பீறிட்டால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். அதிர்வு நின்றது இரவு இரண்டு மணிக்குத் தெரிந்தால், இரண்டு மணிக்கே கிளம்புங்கள்.